டாங்கி என்றால் எது? கவச வண்டிச் செய்திகளைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம்

2019 ஜனவரியில் குஜராத்தின் ஹசீராவில் உள்ள லார்சன் அண்ட் டூப்ரோ ஆலையில் பிரதமர் மோடி ஒரு கவச வண்டியில் ஏறிச் சுற்றிவந்தார். அந்தப் படத்தைப் போட்ட பல செய்திகள் அதை 'டாங்கி' என்றே எழுதின. அந்த வண்டியின் பெயர் கே-9 வஜ்ரா. அது டாங்கி அல்ல, தானே நகரும் பீரங்கி. சங்கிலிச் சக்கரம் உண்டு, மேலே சுழலும் கூண்டு உண்டு, நீண்ட குழல் உண்டு, எடையும் ஏறக்குறைய 50 டன். பார்த்தால் டாங்கி மாதிரிதான் இருக்கும். ஆனால் எதிரியின் டாங்கிக்கு நேர் எதிரே அதை நிறுத்தினால் முதல் குண்டுக்கே தாங்காது. அந்த வேலைக்காக அதைக் கட்டவும் இல்லை.

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்தக் குழப்பம் வாரம் தவறாமல் வருகிறது. 2022 ஏப்ரலில் ஜெர்மனி விமானங்களைச் சுடும் கெபார்ட் வண்டிகளைத் தர ஒப்புக்கொண்டபோது 'ஜெர்மனி டாங்கி அனுப்புகிறது' என்று செய்தி வந்தது. 2023 ஜனவரி முதல் வாரத்தில் பிரான்ஸ், அமெரிக்கா, ஜெர்மனி மூன்றும் கவச வண்டிகளை அறிவித்தன. அப்போதும் 'டாங்கி' என்றார்கள். அதே மாதக் கடைசியில் ஜெர்மனியின் லெபர்டு 2, அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கிகள் பற்றி அறிவிப்பு வந்தபோது, 'இப்போதுதான் முதல்முறையாக டாங்கி தருகிறார்கள்' என்றார்கள். இரண்டையும் படித்த வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? அப்படியென்றால் முன்னால் கொடுத்ததெல்லாம் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போர்ச் செய்திகளில் பாதி தெளிவாகிவிடும். அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பெயர் வந்த வழி

முதல் உலகப் போரின் மேற்குக் களம் 1914 கடைசியிலேயே உறைந்துபோனது. இரு பக்கமும் பதுங்குகுழி, நடுவே முள்கம்பி, எழுந்து ஓடுகிறவனை அறுத்துத் தள்ளும் இயந்திரத் துப்பாக்கி. குழியைத் தாண்டி, கம்பியை நசுக்கி, துப்பாக்கிச் சூட்டைத் தாங்கியபடி முன்னேறும் ஒரு வண்டி வேண்டும் என்று பிரிட்டனில் சிலர் யோசித்தார்கள். 1915 பிப்ரவரியில், கடற்படைக்குப் பொறுப்பாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் இதற்காக ஒரு குழுவை அமைத்தார். அதன் பெயர் 'நிலக்கப்பல் குழு'. கடற்படையின் கை பட்டதால்தான் டாங்கியின் உறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் இன்றும் கப்பல் சொற்கள்: உடலுக்கு 'ஹல்', மேல்கூண்டுக்கு 'டரெட்', மேல்மூடிக்கு 'ஹேட்ச்'.

லிங்கன் நகரில் வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனி முதல் மாதிரியைக் கட்டியது. 'நிலக்கப்பல்' என்ற பெயரைக் கேட்டாலே எதிரி ஒற்றனுக்கு விஷயம் புரிந்துவிடும். ஆகவே 1915 டிசம்பரில் ஆவணங்களுக்கு ஒரு மறைபெயர் தேடினார்கள். இரும்புத் தகட்டால் ஆன பெரிய பெட்டி என்பதால் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் 'டேங்க்' என்ற சொல் நிலைத்தது. இந்திய ஆங்கிலத்தில் ஏரிக்கும் கோயில் குளத்துக்கும் இன்றும் எழுதும் அதே 'டேங்க்'தான் அது. ஆக, இந்தப் பெயர் வண்டியின் வேலையைச் சொல்ல வைத்ததே அல்ல, மறைக்க வைத்தது. பின்னால் வந்த குழப்பத்தில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சொல்லுக்குள் வரையறை எதுவும் இல்லாததால், கவசமும் குழலும் உள்ள எதையும் அதில் போட்டு அடைக்க முடிந்தது.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் ஸோம் களத்தில், ஃப்ளேர் கிராமத்தருகே டாங்கிகள் முதன்முதலாகச் சண்டையில் இறங்கின. சுமார் 50 வண்டிகள் கொண்டுவரப்பட்டன. வழியிலேயே பழுதாகி நின்றதுபோக மூன்றில் இரண்டு பங்குதான் தொடக்கக் கோட்டை எட்டியது. மார்க் 1 என்ற அந்த வண்டிக்கு 28 டன் எடை, உள்ளே 8 பேர். மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வேகம், அதாவது வேகமாக நடக்கிற ஆளின் வேகம். மேல்கூண்டு கிடையாது, பீரங்கிகள் இரு விலாவிலும் துருத்திக்கொண்டிருந்தன. மறு ஆண்டு பிரான்சின் ரெனோ எஃப்டி வந்தது. ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் முழு வட்டம் சுழலும் கூண்டு என்ற அமைப்பை அதுதான் நிலைநிறுத்தியது. இன்றைய டாங்கிகளில் மிகப் பெரும்பாலானவை அதே அமைப்பில்தான் இருக்கின்றன.

ஜெர்மன் மொழியின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனில் 'பான்சர்' என்றால் கவசம். டாங்கிக்கும் அதுதான் பெயர், காலாட்படையை ஏற்றிச் செல்லும் 'ஷூட்சன்பான்சர்' பெயரிலும் அது உண்டு, தானே நகரும் பீரங்கியான 'பான்சர்ஹவ்பிட்ஸ' பெயரிலும் உண்டு, விமானங்களைச் சுடும் 'ஃப்ளாக்பான்சர்' பெயரிலும் உண்டு. ஜெர்மன் வாசகருக்கு அதோடு ஒட்டிவரும் சொல் மீதியைச் சொல்லிவிடும். அதை ஆங்கிலத்துக்கு அவசரமாகக் கொண்டுபோகிறவர் எல்லாவற்றையும் 'டேங்க்' ஆக்கிவிடுகிறார். கெபார்ட் அப்படித்தான் டாங்கி ஆனது. லெபர்டு 1 டாங்கியின் அடிப்பாகத்தில் ராடாரும் இரண்டு 35 மில்லிமீட்டர் பீரங்கிகளும் பொருத்திய வண்டி அது. ட்ரோன்களையும் விமானங்களையும் வானத்திலேயே அடித்து வீழ்த்துவதுதான் அதன் வேலை. அதில் அது கெட்டிக்காரன். உக்ரைனில் ஈரானிய வகை ஷாஹெத் ட்ரோன்களுக்கு எதிராக நன்றாகவே பயன்பட்டது. ஆனால் டாங்கிப் படை தாக்க வந்தால் அதை முன்னால் நிறுத்த மாட்டார்கள்.

டாங்கியை டாங்கி ஆக்குவது எது?

ராணுவத்தில் பொதுவாகச் சொல்லும் மூன்று குணங்கள் உண்டு: சுடும் பலம், தாங்கும் கவசம், எந்த நிலத்திலும் ஓடும் திறன். மூன்றும் ஒரே வண்டியில் உயர்ந்த அளவில் சேர வேண்டும். ஆனால் இதை மட்டும் சொன்னால் போதாது. எப்படிச் சுடுகிறது என்பதுதான் இதில் முக்கியமான இடம்.

பீரங்கிச் சூட்டில் இரண்டு முறை உண்டு. கண்ணுக்கு எதிரே தெரியும் இலக்கைக் குறிபார்த்து நேராக அடிப்பது ஒன்று. மலைக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத இலக்கை நோக்கி, வேறொருவர் தரும் ஆயத்தொலைவுகளை வைத்து, குண்டை வளைவாக வானத்தில் ஏற்றி இறக்குவது இன்னொன்று. டாங்கி முதல் வகை. அதன் குண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தை மிகப் பெரிய வேகத்தில் ஏறக்குறைய நேர்கோட்டில் கடக்கும். கவசம் துளைக்கும் அம்பு வகைக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 1,600, 1,700 மீட்டர் வேகம் இருக்கும். அதில் வெடிமருந்துகூட இல்லை, வேகமும் கனமுமே கவசத்தைப் பிளக்கின்றன. எதிரியை நான் பார்க்கிறேன் என்றால் எதிரியும் என்னைப் பார்க்கிறான். அதனால்தான் டாங்கியின் முன்கவசம் அவ்வளவு தடிமன்.

கே-9 வஜ்ரா இரண்டாம் வகை. அதில் இருப்பது 'ஹோவிட்சர்', அதாவது குண்டை வளைவாக ஏற்றிச் சுடும் பீரங்கி. அந்த 155 மில்லிமீட்டர் ஹோவிட்சர் 40 கிலோமீட்டர் அளவுக்குச் சுடும். அவ்வளவு பின்னால் நிற்கும் வண்டிக்குத் தடித்த கவசம் எதற்கு? பக்கத்தில் விழும் ஷெல்லின் சிதறலையும் கன இயந்திரத் துப்பாக்கியையும் தாங்கினால் போதும். மிச்சப்படும் எடையைப் பெரிய குழலுக்கும் குண்டுகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் இடையே இது உயர்வு அது தாழ்வு என்ற பேச்சே இல்லை. உக்ரைனில் அதிக உயிர்களை வாங்கியவற்றில் பின்னால் நிற்கும் பீரங்கியும் ஒன்று. 'டாங்கி' என்ற பட்டம் இல்லாவிட்டால் ஆயுதம் சாதாரணமானது என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் எழுதிய வரையறை

ராணுவ அதிகாரிகள் பேச்சில் தாராளமாக இருக்கலாம். ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அப்படி இருக்க முடியாது. எதை எண்ணுவது, எதை விடுவது என்று தெரிந்தாக வேண்டும். 1990 நவம்பரில் பாரிசில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுப் படைகள் ஒப்பந்தம், நேட்டோ ஒருபுறம் சோவியத் தலைமையிலான வார்சா அணி மறுபுறம் என இரு தரப்புக்கும் தலா 20,000 டாங்கி, 30,000 கவசப் போர் வண்டி, 20,000 பீரங்கி என்று உச்சவரம்பு வைத்தது. அதற்காக 'போர் டாங்கி' என்றால் எது என்று எழுத்தில் கொடுத்தார்கள். சாரம் இது:

1. தானே நகரும் கவசப் போர் வண்டி. பலத்த சுடும் சக்தி, குறிப்பாக இலக்கை நேராக அடிக்கும் அதிவேகப் பீரங்கி இருக்க வேண்டும்.
2. கரடுமுரடான நிலத்தில் ஓடும் திறனும், தன்னைக் காத்துக்கொள்ளும் உயர்ந்த கவசமும் வேண்டும்.
3. வீரர்களை ஏற்றிச் செல்வது அதன் முதன்மை வேலையாக இருக்கக் கூடாது.
4. எரிபொருள், குண்டு, ஆள் எதுவும் ஏற்றாத வெற்று எடை குறைந்தது 16.5 டன்.
5. பீரங்கியின் உள்விட்டம் குறைந்தது 75 மில்லிமீட்டர். அது 360 பாகையும் சுழல வேண்டும்.

இதோடு ஒரு துணைவரியும் உண்டு: மற்ற எல்லாத் தகுதியும் இருந்தால், இனி படையில் சேரும் ரப்பர் சக்கர வண்டியும் டாங்கியாகவே எண்ணப்படும். அதாவது சங்கிலிச் சக்கரம் என்பது சட்டப்படி கட்டாயம் இல்லை. 1991-ல் ஐக்கிய நாடுகள் சபை தொடங்கிய மரபு ஆயுதப் பதிவேடும் அதே 16.5 டன், அதே 75 மில்லிமீட்டர் அளவைத்தான் வைத்திருக்கிறது.

இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 'தோற்ற ஒப்பு வண்டி' என்று தனியாக ஒரு வகையையே அதில் சேர்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாக வீரர்களை ஏற்றிச் செல்லும் துருப்புக் காவி. அதே அடிப்பாகம், அதே கூடு. ஆனால் உள்ளே வீரர்கள் உட்கார இடமில்லாதபடி மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். கட்டளை வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவற்றைச் சேனைக் கணக்கில் எண்ணக் கூடாது என்று இரு தரப்பும் கேட்டன. சரி, எண்ண வேண்டாம், ஆனால் ஆய்வாளர் வந்தால் கதவைத் திறந்து உள்ளே காட்ட வேண்டும் என்று முடிவானது. வெளித்தோற்றத்தை வைத்து ஒரு வண்டியின் வகையைச் சொல்ல முடியாது என்பதை ஒப்பந்தம் எழுதியவர்களே சட்டமாக எழுதி ஒப்புக்கொண்ட இடம் இது.

ரஷ்யா 2007-ல் இந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து 2023 நவம்பரில் முழுதாக வெளியேறியது; நேட்டோ நாடுகளும் தங்கள் பங்கை நிறுத்திவைத்தன. ஒப்பந்தம் செத்துவிட்டாலும் அதன் வரையறை நல்ல அளவுகோலாக இருக்கிறது.

டாங்கி அல்லாத உறவினர்கள்

செய்திகளில் டாங்கி என்று தவறாக அழைக்கப்படுபவை பெரும்பாலும் இவைதான்.

1. துருப்புக் காவி. வீரர்களைத் துப்பாக்கிச் சூட்டிலிருந்தும் சிதறலிலிருந்தும் காத்து, சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும் கவசப் பேருந்து. கூரையில் பெரும்பாலும் ஓர் இயந்திரத் துப்பாக்கி மட்டும். 1960-லிருந்து உலகெங்கும் ஓடும் அமெரிக்காவின் எம்-113 இதற்கு நல்ல மாதிரி. சங்கிலிச் சக்கரம் இருப்பதால் அதையும் டாங்கி என்பார்கள். அதன் உடலோ அலுமினியம்.

2. காலாட்படைப் போர் வண்டி. இதிலும் வீரர்கள் போவார்கள், ஆனால் இறக்கிவிட்டுத் திரும்பாது. கூடவே நின்று சண்டை போடும். 1990 ஒப்பந்தம் 20 மில்லிமீட்டருக்குக் குறையாத பீரங்கி இருந்தால் இந்த வகை என்று பிரித்தது. சோவியத் பிஎம்பி-தான் இந்த வகையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அதன் அடுத்த தலைமுறையான பிஎம்பி-2, தெலங்கானாவின் மேடக்கில் 'சரத்' என்ற பெயரில் கட்டப்படுகிறது. 30 மில்லிமீட்டர் பீரங்கி, ஓட்டும் சுடும் மூவர், பின்னால் ஏழு வீரர்கள்.

இந்த இரண்டாம் வகையின் கொஞ்சம் சிக்கலான இடத்தை ஓர் உண்மைச் சண்டை நன்றாகக் காட்டும். 2024 ஜனவரியில், உக்ரைனின் அவ்தியிவ்கா அருகே ஸ்தெபோவே கிராமத்தில் அமெரிக்கா கொடுத்த பிராட்லி என்ற காலாட்படைப் போர் வண்டிகள் இரண்டு ரஷ்யாவின் டி-90எம் டாங்கி ஒன்றை நெருக்கத்தில் எதிர்கொண்டன. பிராட்லியின் 25 மில்லிமீட்டர் குண்டு அந்த டாங்கியின் முன்கவசத்தைத் துளைக்காது. ஆனால் விடாமல் சுட்டதில் டாங்கியின் குறிநோக்கிகளும் வெளிக்கருவிகளும் நொறுங்கின. மேல்கூண்டு கட்டுப்பாடின்றிச் சுற்ற ஆரம்பித்தது, வண்டி மரத்தில் போய் இடித்து நின்றது. ட்ரோன் எடுத்த காணொளி உலகமெங்கும் ஓடியது. 'பிராட்லி டாங்கி ரஷ்ய டாங்கியை வென்றது' என்று பலர் எழுதினார்கள். பிராட்லியை டாங்கி என்று எழுதினால் அங்கே நடந்ததன் அருமையே போய்விடுகிறது. வெல்லக் கூடாத வண்டி வென்றது என்பதுதானே செய்தி!

3. தானே நகரும் பீரங்கி. கே-9 வஜ்ரா, ஜெர்மனியின் பான்சர்ஹவ்பிட்ஸ 2000 போன்றவை. மேலே பார்த்தோம்.

4. கண்ணிவெடி தாங்கும் வண்டி. அடிப்பாகம் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இருக்கும். கீழே வெடிக்கும் கண்ணியின் அழுத்தம் இருபுறமும் வழிந்துபோகும். ரப்பர் சக்கரம், உயரமான உடல். தென்னாப்பிரிக்கா 1970-களில் இதில் கைதேர்ந்தது. அங்கிருந்து 1980-களில் இலங்கை ராணுவம் வாங்கிய பஃபெல் வண்டியை வடக்கு கிழக்குத் தமிழர்கள் 'பவல்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அது செய்திகளிலும் வந்தது. அதை அன்றாடம் தெருவில் பார்த்த மக்கள் டாங்கியோடு குழப்பிக்கொள்ளவில்லை. இராக்கில் சாலையோரக் குண்டுகளால் ஆள்சேதம் ஏறியபோது, 2007-லிருந்து அமெரிக்காவும் இந்த வகையை ஆயிரக்கணக்கில் கட்டியது.

பெயர் தவறினால் என்ன ஆகும்?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மூன்று இடங்களில் இதனால் உண்மையான விளைவுகள் வந்திருக்கின்றன.

முதலாவது, பிரான்சின் ஏஎம்எக்ஸ்-10 ஆர்சி. 2023 ஜனவரி 4 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இதை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தார். மேற்கத்திய வடிவமைப்புள்ள டாங்கிகள் உக்ரைனுக்குப் போவது இதுவே முதல்முறை என்றது அதிபர் மாளிகை. வண்டியில் 105 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கிறது, கூண்டும் சுழலும். ஆனால் ஆறு ரப்பர் சக்கரம், எடை சுமார் 16 டன், கவசம் மெலிது. 1990 ஒப்பந்தம் இதைப் போர் டாங்கிக் கணக்கில் சேர்க்கவில்லை. 'கனரக ஆயுதம் தாங்கிய போர் வண்டி' என்ற தனி வகையில் போட்டது. பிரான்சு இதைக் கட்டியதே வேகமாகப் போய் வேவு பார்க்க, தேவைப்பட்டால் அடித்துவிட்டு விலக.

அரசியலில் அந்த அறிவிப்பு பலித்தது என்பதை மறுக்க முடியாது. மறுநாளே அமெரிக்கா பிராட்லியையும் ஜெர்மனி மார்டர் என்ற தன் காலாட்படைப் போர் வண்டியையும் அறிவித்தன. பத்து நாளில் பிரிட்டன் 14 சேலஞ்சர் 2 டாங்கிகளைத் தருவதாகச் சொன்னது. ஜனவரி 25-ல் ஜெர்மனி 14 லெபர்டு 2-வும் அமெரிக்கா 31 ஏப்ரம்ஸும் அறிவித்தன. டாங்கி என்ற சொல்லைச் சுற்றி இருந்த தயக்கத்தை உடைக்க, டாங்கி அல்லாத ஒரு வண்டிக்கு அந்தப் பெயர் உதவியது. களத்தில் கதை வேறு. 2023 கோடைத் தாக்குதலில் இவற்றை முன்வரிசையில் இறக்கினார்கள். பக்கத்தில் வெடித்த ஒரு ஷெல்லின் சிதறல் கவசத்தைத் துளைத்து, உள்ளே இருந்த குண்டுகள் வெடித்ததில் ஒரு வண்டியில் இருந்த நால்வரும் இறந்தார்கள் என்று உக்ரைன் அதிகாரி ஒருவர் ஏஎஃப்பி செய்தி நிறுவனத்திடம் சொன்னார். பீரங்கி நன்றாக இருக்கிறது, பார்வைக் கருவிகள் நன்றாக இருக்கின்றன, கவசம்தான் முன்வரிசைத் தாக்குதலுக்குப் போதாது என்பது அவர் கருத்து. வண்டியில் குறை இல்லை. டாங்கி செய்யும் வேலையை அதற்குக் கொடுத்ததுதான் தப்பு.

இரண்டாவது, இதற்கு நேர்மாறு. அமெரிக்கத் தரைப்படை 2023-ல் எம்-10 புக்கர் என்று பெயரிட்ட வண்டிக்கு சங்கிலிச் சக்கரம், சுழலும் கூண்டு, 105 மில்லிமீட்டர் பீரங்கி, 38 டன் அளவு எடை எல்லாம் இருந்தன. 1990 வரையறையின் அளவுகளை வைத்துப் பார்த்தால் இது டாங்கி. தரைப்படையோ 'இதை இலகு டாங்கி என்று அழைக்காதீர்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. காலாட்படைக்குத் துணையாகப் பதுங்கரண்களையும் இயந்திரத் துப்பாக்கி நிலைகளையும் உடைப்பதுதான் வேலை, டாங்கியோடு மோதுவதோ வேவு பார்ப்பதோ அல்ல என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. டாங்கி என்று பெயர் வைத்தால் தளபதி அதை டாங்கி மாதிரிதான் பயன்படுத்துவார். பிரெஞ்சு வண்டிக்கு நேர்ந்தது அதுதான். விமானத்தில் எளிதாகக் கொண்டுபோக வேண்டிய வண்டி கனம் கூடிப்போனது வேறு சிக்கல். 2025-ல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது, காவல்துறை. 2014-ல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் போராட்டக்காரர்களுக்கு எதிரே கவச வண்டிகள் நின்ற படங்கள் வந்தன. 'தெருவில் டாங்கி' என்ற கோபம் நாடெங்கும் எழுந்தது. நின்றவை ரப்பர் சக்கரக் கவச வண்டிகள். 2015-ல் ஒபாமா அரசு, ராணுவத்தின் உபரித் தளவாடங்களில் எதையெல்லாம் உள்ளூர்க் காவல்துறைக்குத் தரக் கூடாது என்று பட்டியல் போட்டபோது, முதல் வரிசையில் வைத்தது 'சங்கிலிச் சக்கரக் கவச வண்டி'களை. சக்கரக் கவச வண்டிகள் தடைப்பட்டியலில் இல்லை. உரிய காரணம் காட்டிப் பெறலாம் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் இருந்தன. அதாவது, மக்கள் கோபப்பட்ட வகை வண்டிக்குத் தடையே வரவில்லை. கோபத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சொல் வழுக்கிவிட்டது. அந்த உத்தரவையும் 2017-ல் டிரம்ப் நீக்கினார். டாங்கி இல்லை என்று திருத்துகிறவர்களை அப்போது பலர் அலட்சியப்படுத்தினார்கள். ஆனால் காவல்துறை ராணுவமயமாவதை எதிர்க்கிறவருக்குத்தான் சரியான பெயர் முதலில் தேவைப்படுகிறது.

படத்தைப் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முழு உறுதி கிடைக்காது. ஆனாலும் இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

1. குழலின் நுனியைப் பாருங்கள். துளைகளோடு பருத்த முகப்பு இருந்தால் பெரும்பாலும் ஹோவிட்சர். சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் அமைப்பு அது. இன்றைய பெரிய டாங்கிகளின் குழல் நுனி பொதுவாக வெறுமையாக இருக்கும். இந்தியாவின் அர்ஜுன், ரஷ்யாவின் டி-90, லெபர்டு 2 எதிலும் அந்தப் பருத்த முகப்பு இல்லை.

2. கூண்டு எங்கே இருக்கிறது? நடுவில், தாழ்வாக இருந்தால் டாங்கி. பின்பக்கம் தள்ளி, வீடு மாதிரி உயரமாக இருந்தால் தானே நகரும் பீரங்கி. கே-9 படத்தையும் அர்ஜுன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்புறம் மறக்கவே மறக்காது.

3. பின்னால் பெரிய கதவு இருக்கிறதா? இருந்தால் அநேகமாக ஆள் ஏற்றும் வண்டி. இஸ்ரேலின் மெர்காவா இதற்கு விலக்கு: எஞ்சினை முன்னால் வைத்து, பின்னால் கதவும் வைத்திருக்கிறார்கள், இருந்தும் அது முழு டாங்கி.

4. குழல் எவ்வளவு தடிமன்? விரல் அளவுக் குண்டு போகும் மெல்லிய குழல் என்றால் காலாட்படைப் போர் வண்டி.

5. சக்கரத்தைக் கடைசியாகப் பாருங்கள். பலரும் முதலில் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

கூண்டே இல்லாத டாங்கியும் இருந்திருக்கிறது. ஸ்வீடன் 1960-களில் கட்டிய எஸ்-டாங்கியில் பீரங்கி உடலோடு பொருத்தப்பட்டிருந்தது; குறிபார்க்க முழு வண்டியையும் திருப்ப வேண்டும். ஸ்வீடன் ராணுவம் அதை டாங்கியாகவே பயன்படுத்தியது. 360 பாகை சுழல வேண்டும் என்ற வரியை வைத்தால் அது தேறாது. வரையறை எவ்வளவு கறாராக இருந்தாலும் ஓரத்தில் ஒன்றிரண்டு வண்டிகள் இப்படி நிற்கும்.

தமிழில் எழுதும்போது

தமிழ்ச் செய்திகளில் இன்னொரு முடிச்சும் உண்டு. டாங்கியைப் 'பீரங்கி' என்றும் 'பீரங்கி வண்டி' என்றும் எழுதுகிறார்கள். பீரங்கி என்றால் கோட்டைக் காலத்திலிருந்தே பெரிய துப்பாக்கிதான். அதனால் 'இந்தியா 100 பீரங்கி வாங்குகிறது' என்ற தலைப்பில் டாங்கியா ஹோவிட்சரா என்று தெரியாது. தனித்தனிப் பெயர்கள் கையில் இருக்கின்றன: டாங்கி, பீரங்கி, துருப்புக் காவி, கவச வாகனம். வகை உறுதியாகத் தெரியாதபோது 'கவச வாகனம்' என்று எழுதினால் தப்பே வராது. எல்லாவற்றையும் அது அடக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நேரடித் தொடர்பு இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலைதான் 1965-லிருந்து இந்தியாவின் டாங்கிகளைக் கட்டுகிறது: முதலில் விஜயந்தா, பிறகு டி-72, டி-90, அர்ஜுன். 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு 68 டன் எடையுள்ள அர்ஜுன் மார்க் 1ஏ வண்டிகள் 118-க்கு 2021-ல் ஆர்டர் கொடுக்கப்பட்டதும் அங்கேதான்.

அடுத்து எங்கே குழப்பம் வரும்?

ஜொராவர் என்ற புதிய இந்திய இலகு டாங்கி பற்றிய செய்திகளில். 2020-ல் லடாக்கில் சீனப் படையோடு மோதல் வந்தபோது இந்தியா 40 டன்னுக்கு மேல் எடையுள்ள டி-72, டி-90 டாங்கிகளை மலைமேல் ஏற்றியது. மெல்லிய காற்றில் எஞ்சின் பலம் குறையும், பாலங்களும் பாதைகளும் கனத்தைத் தாங்க வேண்டும். எதிர்ப்பக்கம் சீனா டைப் 15 என்ற இலகு டாங்கியை வைத்திருந்தது. அதற்குப் பதிலடியாகத்தான் ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் லார்சன் அண்ட் டூப்ரோவும் சேர்ந்து 25 டன் எடையில், 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு ஜொராவரை வடிவமைத்தன. 2024 ஜூலையில் முதல் மாதிரி ஹசீராவில் காட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் சுட்டுச் சோதித்தார்கள்.

16.5 டன்னைத் தாண்டுகிறது, 75 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, கூண்டு முழுதாகச் சுழல்கிறது. எண்களை வைத்துப் பார்த்தால் டாங்கிதான், அந்தப் பெயரில் தவறில்லை. ஆனால் 25 டன் வண்டியில் அர்ஜுனின் கவசத்தை ஏற்ற முடியாது. பஞ்சாப் சமவெளியில் டாங்கிக்கு எதிரே டாங்கியாக நிறுத்த அதைக் கட்டவில்லை; மற்ற டாங்கிகள் ஏறத் திணறும் இடத்துக்கு முதலில் போய்ச் சேர்வதற்காகக் கட்டியிருக்கிறார்கள். நாளை ஒரு செய்தி ஜொராவரையும் டி-90-ஐயும் பக்கத்தில் வைத்து 'எது பலமான டாங்கி' என்று ஒப்பிட்டால், முதலில் கேட்க வேண்டியது எந்த உயரத்தில், எந்தப் பாலத்தைத் தாண்டி, எந்த எதிரிக்கு முன்னால் என்பதைத்தான்.